கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்

பத்துப்பாட்டை முழுதும் படித்துவிட நினைத்துத் திருமுருகாற்றுப்படையில் தொடங்குகிறவர், 782 அடி நீளும் மதுரைக்காஞ்சியில் களைத்து நின்றுவிட்டால் வியப்பில்லை. பத்தாவதாக வரும் மலைபடுகடாம் அவருக்கு எட்டாமலே போகும். திருவண்ணாமலை வாசகருக்கு இது பெரிய இழப்பு. பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளும் இந்த மாவட்டத்து மண்ணில் நடப்பவை. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம். அவனது நவிரமலை பருவதமலைதான் என்கிறார்கள் அறிஞர்கள். பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. பழைய நூல் ஒன்றைப் படித்து முடிக்க விரும்புகிறவர் அச்சிட்ட வரிசையை மறந்து, தமக்குத் தெரிந்த நிலத்தின் வழியாக உள்ளே போக வேண்டும் என்பேன்.

மலைபடுகடாம் அதற்கு இடம் தருகிறது, ஏனென்றால் அது ஒரு வழிக்குறிப்பு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே என்று எச்சரிக்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் விடவில்லை. நாளுக்கு அறுபது அடி என்று வைத்தாலும் பத்து நாளில் நன்னனின் அரண்மனை வாசலுக்கு வந்துவிடலாம். முதல் வாசிப்புக்கு எளிய தெளிவுரை போதும். தெரியாத சொல்லுக்காக வழியில் நின்றுவிடக் கூடாது.

பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரை இல்லாமல் படிப்பது அரைகுறைப் படிப்பு என்று தமிழாசிரியர்கள் சொல்லக்கூடும். அந்த உரையின் அருமையை மறுக்கவில்லை; அதையும் சேர்த்துப் பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்திருக்காவிட்டால் நம் கையில் எதுவும் தெளிவாக இருந்திருக்காது. ஆனால் தொலைவில் கிடக்கும் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்வது நச்சினார்க்கினியர் வழக்கம். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதைக் கடுமையாக மறுத்தார். பாட்டின் போக்கே பிடிபடாதவருக்கு இந்தக் கூட்டல் குழப்பம்தான் தரும். ஆகவே அந்த உரை இரண்டாம் வாசிப்புக்கு உரியது. அப்படியானால் கதைச் சுருக்கமே போதாதா என்றால், போதாது. மலையில் எழும் ஓசைகளைப் புலவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பகுதியை எந்தச் சுருக்கத்தாலும் தர முடியாது. அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இப்படிப் பரிசு பெற்றவர் பிறருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படைகள். அவற்றில் ஒன்றான மலைபடுகடாமை முடித்தவருக்கு மற்ற நான்கின் அமைப்பும் பிடிபட்டுவிடும். மதுரைக்காஞ்சியை அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம்.