பேயே இல்லாத பேய்ப் படம்! 1963-ன் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ இன்றும் பயமுறுத்துவது ஏன்... சறுக்குவது எங்கே?

‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்றதும் பலருக்கு செல்வராகவன் - எஸ்.ஜே.சூர்யா கூட்டணியின் 2021 படம்தான் ஞாபகம் வரும். ஆனால், அதே பெயரில் 58 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திகில் படம் வந்துவிட்டது. இயக்கம் ஸ்ரீதர். கல்யாண்குமார், தேவிகா, நம்பியார் நடித்த கறுப்பு வெள்ளைப் படம்.

கதை என்ன?

கல்லூரி மாணவன் ஒருவன் விடுமுறைக்கு நண்பனின் ஊருக்குப் போகிறான். ராத்திரியில் ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. அங்கே இருக்கும் பாழடைந்த ஜமீன் மாளிகை அவனை இழுக்கிறது. உள்ளே போனால், முன்ஜென்ம நினைவு திரும்புகிறது. அவன் அந்த ஜமீன்தாரின் மகன். கண்ணம்மா என்ற ஏழைப் பெண்ணைக் காதலித்தவன். அந்தக் காதலை முடித்துவைத்தது அப்பாவின் துப்பாக்கி.

ட்விஸ்ட் இனிமேதான். அந்த ஜமீன்தார் இன்னும் சாகவில்லை. 109 வயதில், காதலர்கள் மறுபடி சேர்ந்துவிடக் கூடாது என்ற வெறியோடு காத்திருக்கிறார்.

எது வொர்க்அவுட் ஆகிறது?

முதலில் கேமரா. ஒளிப்பதிவாளர் ஏ.வின்சென்ட், வெளிச்சத்தைவிட இருட்டைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறார். தூண்களின் நிழலும் நீண்ட தாழ்வாரமும் போதும், திடீர் சத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த வருடமே வின்சென்ட் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். மலையாளப் பேய்ப் படங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்து, பாட்டு. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், பி.பி.ஸ்ரீனிவாஸும் பி.சுசீலாவும் பாடிய தலைப்புப் பாடல் வெறும் டூயட் இல்லை. விட்டுப்போன ஜென்மம் கூப்பிடும் குரல் அது. பாழடைந்த மாளிகை, மறுபிறவி என்ற இந்த ஃபார்முலாவை இந்தியில் ‘மஹால்’ (1949), ‘மதுமதி’ (1958) படங்கள் ஏற்கெனவே ஹிட்டாக்கியிருந்தன. ஸ்ரீதர் அதைத் தமிழ்நாட்டு ஜமீன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாவது, நம்பியார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கிழவர் வேஷத்தில் மனுஷன் மிரட்டியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் படத்தில் ஆவி எதுவும் பழிவாங்க வருவதில்லை. நம்மைப் பயமுறுத்துவது உயிரோடு இருக்கும் ஓர் அப்பா.

சறுக்கல் எங்கே?

இன்றைய கண்ணுக்கு செட் எல்லாம் செட்டாகவே தெரியும். பயம் சூடு பிடிக்கும் நேரத்தில் காமெடி வந்து அதை ஆற வைத்துவிடும். இதையெல்லாம் காலத்தின் கணக்கில் எழுதி விட்டுவிடலாம்.

பெரிய பிரச்சினை வேறு. மனநலம் பாதித்த பெண்ணுக்கு மருந்து முன்ஜென்ம நினைவுதான் என்கிறது படம். அவளுக்கு நடந்ததைக்கூட ஹீரோவின் நினைவு வழியாகத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். அவள் பங்குக்குக் கிடைப்பது அலறல் மட்டுமே.

இன்னொன்று, கொலைக்கான தண்டனை. போலீஸ் இல்லை, கேஸ் இல்லை, சாட்சி இல்லை. கடைசியில் ஜமீன்தாரைப் புதைமணல் விழுங்குகிறது. விதி பார்த்துக்கொண்டது, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

விருத்தாசலத்திலிருந்து பார்த்தால்...

செராமிக் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த நிம்மதி அவ்வளவு சுலபத்தில் வராது. பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில், சாதி கடந்து ரகசியமாகத் திருமணம் செய்துகொண்ட இளம் ஜோடி அங்கே விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டது. குற்றவாளிகளில் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள்.

அங்கே எந்தப் புதைமணலும் வரவில்லை. வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். அதாவது 18 வருடங்கள் கழித்து. ஒருவருக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள். அதில் காவல்துறையைச் சேர்ந்த இருவரும் அடக்கம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

1963-ல் ‘ஆணவக்கொலை’ என்ற சொல் புழக்கத்தில் இல்லை. ஸ்ரீதரும் சாதியைப் பேசவில்லை. பணக்காரன், ஏழை என்பதோடு நின்றுவிட்டார். ஆனாலும் பிள்ளையின் காதலைவிடக் குடும்ப கௌரவம் பெரிது என்று துப்பாக்கி தூக்கும் அப்பாவைத்தான் அவர் வில்லனாக்கினார். செட் பழசாகிவிட்டது, மறுபிறவிக் கதையும் பழசாகிவிட்டது. அந்த 109 வயதுக் கிழவர் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

பார்ப்பதென்றால் ராத்திரியில், ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.