போலீஸ் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால், அவர் பயோடேட்டாவில் எதைப் பார்ப்பீர்கள்?

உங்கள் மாவட்ட எஸ்.பி. பதவிக்குத் தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரெல்லாம் போஸ்டர். ஒருவர் முப்பது வருடம் அதே மாவட்ட போலீஸில் இருந்தவர். இன்னொருவர் பக்கத்து ஊரில் கமிஷனராக இருந்தவர். மூன்றாமவர் கைதிகளுக்காக வாதாடிய வக்கீல். உங்கள் ஓட்டு யாருக்கு?

நமக்கு இது கற்பனை. அமெரிக்காவின் பெரும்பாலான கவுன்ட்டிகளில், அதாவது ஏறக்குறைய நம் மாவட்டங்கள் மாதிரியான பகுதிகளில், இதுதான் நடைமுறை. அங்கே ஷெரிஃப் என்பவர் மக்கள் ஓட்டில் வருபவர். (மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஷெரிஃப் என்ற பெயரில் இருப்பது கௌரவப் பதவி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ரோந்து, வழக்கு விசாரணை, நீதிமன்றப் பாதுகாப்பு இவற்றோடு உள்ளூர்ச் சிறையும் பல இடங்களில் இவர் பொறுப்பு. அதனால் ஷெரிஃபும் அவருக்குக் கீழே இருக்கும் உயர் அதிகாரிகளும் எங்கிருந்து வந்தார்கள் என்பது வெறும் சிவி விஷயம் இல்லை. சிறைக்குள் இருப்பவர் உடம்பில் அடி விழுமா, விழாதா என்பது வரைக்கும் அது போகும்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை கிட்டத்தட்ட 1 கோடி, 88 நகரங்கள். அமெரிக்காவிலேயே பெரிய ஷெரிஃப் துறை, பெரிய உள்ளூர்ச் சிறை அமைப்பு.

ஏணி எங்கே தொடங்குகிறது?

ஐபிஎஸ் முடித்து வருபவர் நேராக அதிகாரியாகவே உள்ளே நுழைவார். இங்கே அந்தக் கதவு கிடையாது. எல்லோரும் டெபுடியாகத்தான் சேர வேண்டும். அதன்பிறகு சார்ஜென்ட், லெஃப்டினன்ட், கேப்டன், கமாண்டர், சீஃப், அசிஸ்டன்ட் ஷெரிஃப், அண்டர்ஷெரிஃப். அண்டர்ஷெரிஃப்தான் நம்பர் டூ. அவரை ஷெரிஃப்தான் நியமிப்பார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதில் ஒரு சிக்கல். புதிய டெபுடிகளின் முதல் போஸ்டிங் பெரும்பாலும் சிறையில். இருபத்து சொச்சம் வயதில் வரும் ஒருவர், தெருவில் ரோந்து போகும் முன்பு, சில வருடங்களை அங்கே கழித்தாக வேண்டும். சிறை வேலை என்பது ‘எப்போடா முடியும்’ என்று காத்திருக்கிற காலமாகிவிட்டது. ரோந்துதான் கௌரவம், ப்ரமோஷனும் அந்தப் பக்கம்தான். இப்படி மேலே போனவர்களில் பலருக்குச் சிறையை நடத்துவதில் ஆழ்ந்த அனுபவமோ ஆர்வமோ இருக்க வாய்ப்பு குறைவு.

இதன் விலை 2011-ல் தெரிந்தது. சிறைக்குள் டெபுடிகள் கைதிகளை அடிப்பதாக எஃப்பிஐ ரகசியமாக விசாரித்து வந்தது. தகவல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கைதியை, துறையே வேறு பெயர்களில் பதிவு செய்து எஃப்பிஐ கண்ணில் படாமல் மறைத்தது. வழக்கை விசாரித்த எஃப்பிஐ அதிகாரியின் வீட்டு வாசலுக்கே ஆட்களை அனுப்பி, கைது செய்வோம் என்று மிரட்டியது.

அப்போது ஷெரிஃப், லீ பாக்கா. 1965-ல் துறையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1998-ல் ஷெரிஃப் ஆனவர். அவருடைய நம்பர் டூ பால் தனாக்கா, கணக்குத் தணிக்கை படித்தவர், கார்டீனா என்ற சிறு நகரத்தின் மேயரும்கூட. டெபுடிகளுக்குள் இயங்கிய ‘வைக்கிங்ஸ்’ என்ற குழுவின் பச்சை குத்தல் தன் உடம்பில் இருந்ததை ஒப்புக்கொண்டவர். இரண்டு பேருமே துறையின் வார்ப்புகள். நீதியைத் தடுத்ததாக 2016-ல் தனாக்காவுக்கு 5 ஆண்டு, 2017-ல் பாக்காவுக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்படின்னா வெளி ஆள்தான் சரியா?

2012-ல் சிறை வன்முறையை ஆராய்ந்த குழு முக்கியமான ஒன்றைச் சொன்னது. சிறைகளுக்கென்று தனி அசிஸ்டன்ட் ஷெரிஃப் வேண்டும், அவர் பெரிய சிறைகளை நடத்திப் பழகியவராக இருக்க வேண்டும். சிறைப் பணியிலேயே இருந்து முன்னேற விரும்புகிறவர்களுக்குத் தனி கரியர் பாதையும் வேண்டும். அதன்படி 2013-ல் மாநிலச் சிறைத்துறையிலிருந்து டெர்ரி மெக்டொனால்டு என்ற பெண் அதிகாரியைக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த ஜிம் மெக்டொனெல், 2014 தேர்தலில் அதே தனாக்காவைத் தோற்கடித்து ஷெரிஃப் ஆனார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸில் 29 வருடம், பிறகு லாங் பீச் நகரப் போலீஸ் தலைவர். முழுக்க வெளி ஆள்.

நாலே வருடம்தான். 2018-ல் அவரைத் தோற்கடித்தவர் அலெக்ஸ் வில்லனுவேவா. துறையிலிருந்து லெஃப்டினன்ட் ரேங்கில் ஓய்வு பெற்றவர். கேப்டன் முதல் அண்டர்ஷெரிஃப் வரை எல்லாப் படிகளையும் ஓட்டு ஒன்றே தாண்ட வைத்தது. வந்ததும், வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்த, தன் பிரசாரத்தில் உதவிய ஒரு டெபுடியைத் திரும்பச் சேர்த்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போய், அந்த டெபுடி துப்பாக்கியையும் பேட்ஜையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. உள் ஆள் என்றால் துறையைத் தெரியும், சரி. யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2022-ல் மறுபடி வெளி ஆள்: ராபர்ட் லூனா. இவரும் லாங் பீச் போலீஸ் தலைவராக இருந்தவர்தான். ஆனால் அண்டர்ஷெரிஃப் பதவிக்கு அவர் தேர்ந்தெடுத்தது, கிட்டத்தட்ட முப்பது வருடம் இதே துறையில் இருந்த ஏப்ரல் டார்டியை. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மேலே வெளி ஆள், அடுத்து உள் ஆள். எனக்கு இந்தச் சேர்க்கை புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஒரு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து சிஇஓ வந்தபோது, நிலவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவர் திணறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போலீஸே இல்லாதவர் நிற்கலாமா?

கலிஃபோர்னியாவில் இப்போது முடியாது. 1989 முதல் தகுதி விதி இருக்கிறது. முதுகலைப் பட்டம் இருந்தால் 1 வருட காவல்துறை அனுபவம் போதும், பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 4 வருடம். சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹென்னஸி 1980-லிருந்து 2012 வரை ஷெரிஃபாக இருந்தார். கைதிகளுக்குச் சட்ட உதவி செய்த வக்கீல் அவர், போலீஸ் வேலையே பார்த்ததில்லை. விதி வரும்போது ஏற்கெனவே பதவியில் இருந்ததால் தொடர முடிந்தது. இன்று அவரைப் போன்ற பின்னணியோடு புதிதாக வரும் ஒருவர் மனுத்தாக்கல்கூடச் செய்ய முடியாது!

சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்ட்டியில் கதை வேறு. 2006-ல் ஜெயித்த டாம் டார்ட், அரசு வக்கீலாகவும் மாநில சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவருடைய சிறையில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை. 2015-ல் அந்தச் சிறையின் தலைமைக்கு நெகா ஜோன்ஸ் டாபியா என்ற உளவியலாளரை நியமித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்து ஆளைத் தேடியிருக்கிறார். மூத்தவர் யார் என்று வரிசையைப் பார்த்து நியமித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது.

தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? 2022-ல், லூனா ஜெயித்த அதே நாளில், லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் இன்னொன்றுக்கும் ஓட்டுப் போட்டார்கள். கவுன்ட்டியின் ஐந்து மேற்பார்வையாளர்களில் நான்கு பேர் சேர்ந்தால், தக்க காரணம் காட்டி ஷெரிஃபைப் பதவியிலிருந்து நீக்கலாம். அதற்கு முன்பு ஷெரிஃபை நீக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.