அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையில்

சித்திரை, வைகாசியில் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இரவிலும் புழுக்கம் தணியாது. 70 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு 21 யூனிட். அதோடு பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் நாலைந்து மின்குமிழும் இருந்தால் போதும், மீற்றர் 60ஐ நெருங்கிவிடும். அந்த 60ஐத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணித வகுப்பு அழகாகக் காட்டித்தரும்.

2025 சனவரி 17 முதல் ஜூன் வரை நடைமுறையில் இருந்த வீட்டு மின்கட்டணத்தைப் பாருங்கள். முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் 4 ரூபா, நிலையான கட்டணம் 75 ரூபா. 31 முதல் 60 வரை யூனிட் 6 ரூபா, நிலையான கட்டணம் 200. பாவனை 60ஐத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுமே 11 ரூபாவாகிவிடும். 61 முதல் 90 வரை 14 ரூபா, நிலையான கட்டணம் 400. அதற்கு மேலும் படிகள் உண்டு. ஒரே கேள்விக்கு, பாவித்த யூனிட் x எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு விதி. துண்டுவாரிச் சார்பு என்பது இதுதான்.

இதை வரைபுத்தாளில் வரையலாம். கிடை அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 10 யூனிட், நிலைக்குத்து அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 200 ரூபா. முதல் துண்டு y = 75 + 4x. பூச்சியத்தில் 75, 30இல் 195. 30 இந்தத் துண்டுக்குச் சொந்தம் என்பதால் அங்கே நிரப்பிய புள்ளி. இரண்டாம் துண்டு y = 140 + 6x. அதில் 30ஐப் பிரதியிட்டால் 320 வரும், ஆனால் 30 இதற்குச் சொந்தமில்லை. ஆகவே அங்கே வெற்று வட்டம் போட்டுத் தொடங்கி, 60இல் 500 ரூபாவில் நிரப்பிய புள்ளியோடு நிறுத்த வேண்டும். மூன்றாம் துண்டு y = 220 + 14x. 60இல் இதன் வெற்று வட்டம் 1,060 ரூபாவில் விழும். தாளில் கீழ்ப்புள்ளி 2.5 சென்ரிமீற்றர் உயரத்தில், மேல்வட்டம் 5.3இல்.

மாணவர் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டையும் நிலைக்குத்துக் கோட்டால் இணைத்துவிடுவார்கள். இணைத்தால் 60 யூனிட்டுக்கு 500 ரூபாவும் பில், 1,060 ரூபாவும் பில் என்றாகிவிடும். ஒரு x இற்கு ஒரு y தான். இடைவெளியை இடைவெளியாகவே விட வேண்டும். கட்டணத்தின் உண்மை முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

60 யூனிட் பாவித்த வீட்டுக்கு, வரி நீங்கலாக, 500 ரூபா. பக்கத்து வீட்டில் 61 ஆனால் 1,074 ரூபா. ஒரேயொரு யூனிட்டின் விலை 574 ரூபா! அதில் 14 ரூபா அந்த யூனிட்டுக்கு, 200 ரூபா நிலையான கட்டணத்தின் ஏற்றம், மிச்சம் 360 ரூபா ஏற்கெனவே பாவித்த 60 யூனிட்டுக்கும் விலையை மாற்றிப் போட்டதால் வந்தது. மீற்றர் பிழை என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்தப் படத்தை ஒருதரம் வரைந்து பார்க்க வேண்டும்.

எல்லாத் துண்டுவாரிச் சார்பும் இப்படி உடைவதில்லை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் வருமான வரி ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை பூச்சியம். அடுத்த 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம் என ஏறிப்போய் 36 சதவீதத்தில் நிற்கிறது. 28 இலட்சத்தில் வரி 60,000 ரூபா. அதற்கு மேல் ஒரு ரூபா உழைத்தால் கூடுவது 18 சதம் மட்டுமே. படித்திறன் மாறுகிறது, கோடு அறுவதில்லை. சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறைந்துவிடும் என்று சிலர் வரியைப் பற்றிக் கொள்ளும் பயம் வீண். மின்சாரத்தில் அதே பயம் நியாயமானது.

குறைந்த பாவனையாளருக்குச் சலுகை வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தச் சலுகை ஒரு யூனிட்டில் முழுதாகப் பறிபோவது, வெக்கையில் குழந்தைக்கு விசிறி போட்ட வீட்டைத்தான் முதலில் அடிக்கிறது.

2025 ஜூனில் கட்டணம் சராசரியாக 15 சதவீதம் கூடியது. எண்கள் மாறின, 60இல் உள்ள பிளவு மாறவில்லை. கட்டணத்தைத் திருத்துவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை நம் பிள்ளைகள் வகுப்பில் வரைந்த வரைபையும் இணைத்து, வரியில் செய்வதுபோல மேலதிக யூனிட்டுக்கு மட்டும் கூடிய விலையை அறவிடுங்கள் என்று எழுதி அனுப்பலாம்.