மரபணு மாற்றப்பட்ட உணவு: 1 சதவீத வரம்பை ஆய்வகங்கள் அளவிடுவது எப்படி?

புதுதில்லி: இந்தியாவுக்கு இறக்குமதியாகும் ஆப்பிள், மக்காச்சோளம், அரிசி, சோயாபீன்ஸ் உள்ளிட்ட 24 உணவுப் பயிர்கள், மரபணு மாற்றப்படாதவை என்ற சான்றிதழுடன் வர வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 ஆகஸ்டில் பிறப்பித்த இந்த உத்தரவு, 2021 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. தற்செயலாக நேரும் கலப்பு 1 சதவீதம் வரை மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கலப்பு 0.9 சதவீதத்தைத் தாண்டினால் அதை லேபிளில் குறிப்பிடுவது கட்டாயம்.

ஒரு சரக்கு ஏற்கப்படுமா, திருப்பி அனுப்பப்படுமா என்பதை இத்தகைய சிறிய எண்களே தீர்மானிக்கின்றன. எனவே, அளவீட்டின் துல்லியம் முக்கியத்துவம் பெறுகிறது.

முதல் சவால் மாதிரி எடுப்பது. 1 சதவீதக் கலப்புள்ள சரக்கிலிருந்து 100 மணிகளை மட்டும் எடுத்தால், அவற்றில் மரபணு மாற்றப்பட்ட மணி ஒன்றுகூட இல்லாமல் போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உள்ளது. இதனால், குவியலின் பல இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மணிகள் சேகரித்து அரைக்கப்படுகின்றன.

அந்த மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் டிஎன்ஏ, பிசிஆர் முறையில் பல மடங்கு பெருக்கப்படுகிறது. புதிதாகச் செருகப்பட்ட மரபணுத் துண்டின் அளவு, அப்பயிருக்கே உரிய இயல்பான மரபணுவின் அளவுடன் ஒப்பிடப்பட்டு, சதவீதம் கணக்கிடப்படுகிறது.

எடைக்கற்கள் இல்லாமல் தராசைச் சரிபார்க்க முடியாது. அதுபோல, இச்சோதனைக்குச் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்கள் தேவை. கலப்பு விகிதம் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட சோயா, மக்காச்சோள மாவு போன்ற இப்பொருள்களை, பெல்ஜியத்தின் கீல் நகரில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் தயாரித்து வழங்குகிறது.

அளவிடும் அலகும் முடிவை மாற்றக்கூடும். கலப்பின மக்காச்சோளத்தில் பெற்றோர்ப் பயிர்களில் ஒன்று மட்டும் மரபணு மாற்றப்பட்டதாக இருந்தால், எடையின்படி 1 சதவீதமாக உள்ள கலப்பு, மரபணு நகல்களின் எண்ணிக்கையின்படி சுமார் 0.5 சதவீதமாகவே தெரியும். எந்த அலகு என்று குறிப்பிடப்படாத ஆய்வறிக்கை குழப்பத்துக்கு வழிவகுக்கும்.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. நன்கு சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் டிஎன்ஏ ஏறக்குறைய எஞ்சுவதில்லை. இந்தியாவில் 2002 முதல் பிடி பருத்தி வணிகரீதியாகப் பயிரிடப்பட்டு வருகிறது. அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் சமையலுக்கும் பயன்படுகிறது. இத்தகைய எண்ணெயின் மூலத்தை ஆய்வகச் சோதனையால் மட்டும் உறுதிசெய்வது கடினம். விதை வாங்கிய இடம் முதல் ஆலை வரையிலான கொள்முதல் ஆவணங்களே அங்கு ஆதாரமாகின்றன.