மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல்

குரல் கம்மினால் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். அடுத்து வாயில் ஒரு துண்டு அதிமதுரம். அதற்கும் கேட்கவில்லை என்றால் மருந்துக் கடையில் நாலு மாத்திரை. சளி பிடித்தோ, திருவிழாவில் கத்தியோ வந்த கம்மலுக்கு இவ்வளவே போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானே போய்விடும். கவலை எல்லாம் போகாத கம்மலைப் பற்றியது. மூன்று வாரமாகியும் குரல் தெளியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் குரல் நாண்களைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் கொடுக்கும் மருந்து, யார் கொடுத்தாலும், நாளைத்தான் தின்னும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூச்சுக்குழாயின் காவல்

ஆண்களின் கழுத்தில் துருத்திக்கொண்டு தெரிகிறதே, பேச்சு வழக்கில் சங்கு என்கிறோமே, அந்த மேட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் குரல்வளை. குரல் கொடுப்பது அதன் இரண்டாவது வேலை. விழுங்கும் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்காமல் காப்பதே முதல் வேலை. உள்ளே இரண்டு குரல் நாண்கள். பேசும்போது அவை ஒட்டி நின்று, ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைக்கு மேலும், பெண்ணுக்கு இருநூறு முறை அளவிலும் அதிர்கின்றன. இந்த வேகத்தில் அதிரும் ஒன்றின் விளிம்பில் கடுகளவு தடிப்பு வந்தாலும் குரல் மாறிவிடும்.

இதில்தான் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. உடலுக்குள் வரும் பல புற்றுநோய்கள் வளர்ந்து முற்றும்வரை வாய் திறப்பதில்லை. குரல் நாணில் வரும் புற்றோ தொடக்கத்திலேயே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் தொடக்க நிலையில் கழுத்துக் கட்டிகளாகப் பரவுவதும் அரிது. நாண்களுக்கு மேலே, குரல்வளையின் மேற்பகுதியில் வரும் புற்றுக்கு இந்தக் குணம் கிடையாது. தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு, விழுங்கும்போது வலி, காதில் கோளாறு இல்லாமலே ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் வலிக்காத கட்டி என்றுதான் அது தெரியவரும். குரல் மாறும்போது பெரும்பாலும் நோய் வளர்ந்திருக்கும்.

கம்மலுக்கு வேறு காரணங்களும் உண்டு

மருத்துவரிடம் போகும் பலருக்குப் புற்று இருக்காது. அச்சத்தால் போகாமல் இருப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க வகுப்பில் பேசும் ஆசிரியர், சந்தையில் கூவி விற்பவர், பேருந்து நடத்துநர், விடிய விடியக் கூத்தாடும் கலைஞர் ஆகியோருக்கு நாண்கள் மோதி மோதிக் காய்ப்பு விழுந்ததுபோல இரு பக்கமும் முண்டு வரும். இதற்குக் கத்தி தேவைப்படுவது குறைவு. குரல் பயிற்சியும், தண்ணீரும், ஓயாமல் செருமும் பழக்கத்தை விடுவதுமே பலருக்குப் போதும். ஒரே பக்கம் வரும் மென்கட்டியை நுண்ணோக்கி வைத்து எடுத்துவிடலாம். இரைப்பை அமிலம் மேலேறியும் குரல் கெடும். காசநோய் குரல்வளையையும் பிடிக்கும். நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது.

சில சமயம் நாணில் எந்தக் கோளாறும் இராது, அது அசையாமல் மட்டும் நிற்கும். தைராய்டு அறுவையில் நரம்பு அடிபட்டிருக்கலாம். இடது பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுவதால், நுரையீரல் புற்றுகூட முதலில் குரல் கம்மலாகத் தலைகாட்டும். குழந்தைகளுக்கு எச்பிவி என்னும் கிருமியால் நாண்களில் மரு போன்ற வளர்ச்சிகள் வரும். கரகரத்த குரலும் இழுப்பும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு ஆஸ்துமா என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மருவைக் கண்டுபிடிப்பது நடக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது சீழ்க்கை போல ஒலி கேட்டால் அது அவசரம். இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்

1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தன் குரல் நாண்கள் அசைவதைப் பார்த்தார். அந்தக் கண்ணாடி முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதோடு, மூக்கு வழியாக விடும் மெல்லிய வளையும் குழாய் இருக்கிறது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, நோயாளி உட்கார்ந்தபடி 'ஈ' என்று சொல்லச் சொல்ல, நாண்கள் திரையில் தெரியும். விட்டு விட்டு ஒளிரும் விளக்கைச் சேர்த்தால் அதிர்வே மெதுவாக ஓடுவது போலக் காணலாம். ஐந்து நிமிட வேலை. வலியும் பெரிதாக இராது.

சந்தேகமான இடம் தெரிந்தால் மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கி வைத்துச் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கிறார்கள். 'சதை எடுத்தால் பரவிவிடும்' என்ற பயம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இதை நம்பி ஓடிப்போனவர்கள் நோய் முற்றித் திரும்பி வருகிறார்கள். குரல்வளையில் துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது. நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கழுத்துக்குப் பரவியிருக்கிறதா என்பதை சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் காட்டும்.

ஒரு பேரரசரின் தொண்டை

1887 ஜனவரியில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரடெரிக்குக்குக் குரல் கம்மியது. குரல் நாணில் வளர்ச்சி தெரிந்தது. பெர்லின் மருத்துவர்கள் புற்று என்று ஐயப்பட்டு, குரல்வளையைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி முதலில் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அவர் எடுத்த துண்டுகளை அக்காலத்தின் தலைசிறந்த நோய்க்கூறு அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ ஆராய்ந்தார், புற்று தெரியவில்லை. தன் கைக்கு வந்த துண்டை வைத்து முழு நோயையும் சொல்ல முடியாது என்று விர்க்கோவே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. நவம்பரில் புற்று என்பது உறுதியானது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டார்கள். மார்ச்சில் தந்தை இறந்து அவர் பேரரசரானபோது பேச்சு இல்லை. சீட்டில் எழுதிக் காட்டித்தான் ஆண்டார். 99 நாளில், ஜூன் 15 அன்று, இறந்தார்.

மெக்கன்சி துண்டு கேட்டதில் தவறில்லை. ஒரு துண்டில் தெரியவில்லை என்றதும் நிம்மதி அடைந்ததே தவறு என்பது என் கருத்து. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் கம்மல் நீடித்தால், நாண் அசைய மறுத்தால், மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

புகை, மது, பிறகு சிகிச்சை

குரல்வளைப் புற்றுக்கு முதல் காரணம் புகையிலைப் புகை. பீடி சிறியது என்பதால் தீங்கும் சிறிது என்று எண்ண வேண்டாம். புகையோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. கல்நார்த் தூசியிலும் கந்தக அமில ஆவியிலும் வேலை செய்வோருக்கும் ஆபத்து உண்டு. புகைப்பழக்கத்தைக் கைவிட நினைப்பவர்களுக்கு அரசின் கட்டணமில்லா எண் 1800 11 2356.

தொடக்க நிலையில், நாணுக்குள் அடங்கிய புற்றுக்குக் கதிர்வீச்சு அல்லது வாய்வழி லேசர் அறுவை, இரண்டில் ஒன்று போதும். பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள், குரலும் தங்குகிறது. கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் நடக்கும். அந்த நாட்களிலும் புகைப்பவருக்குச் சிகிச்சையின் பலன் குறைகிறது.

முற்றிய நோய்க்கு ஒரு காலத்தில் குரல்வளையை முழுதாக எடுப்பதே வழியாக இருந்தது. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873-ன் கடைசி நாளில் அதை முதலில் செய்தார். 1991-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இந்தப் போக்கை மாற்றியது. 332 நோயாளிகளில் ஒரு பாதிக்கு அறுவையும் கதிர்வீச்சும், மறு பாதிக்கு முதலில் கீமோ மருந்தும் பிறகு கதிர்வீச்சும். இரண்டு ஆண்டு கழித்து இரு பக்கமும் உயிரோடிருந்தவர்கள் 68 சதவீதம். மருந்து பெற்ற பிரிவில் 64 சதவீதத்தினருக்குக் குரல்வளையும் மிஞ்சியது. இப்போது கீமோவையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுக்கிறார்கள். ஆனாலும் குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய புற்றுக்கு இன்றும் அறுவையே நல்லது. அங்கே குரலைக் காப்பாற்றப் போய் உயிரை விடக் கூடாது.

குரல்வளை எடுத்த பிறகு

எடுத்தால் ஊமையாகிவிடுவோம் என்றே பலர் அறுவையை மறுக்கிறார்கள். வாயால் சாப்பிடலாம், பேசவும் வழி இருக்கிறது. ஏப்பத்தைப் பேச்சாக்கும் உணவுக்குழாய்ப் பேச்சு, கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவி, 1980 முதல் வழக்கில் உள்ள சிறு வால்வு என மூன்று முறைகள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் அந்த வால்வுதான் இயல்பான குரலுக்கு மிக நெருங்கியது. அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

குரல்வளை எடுக்கப்பட்டவர்கள் கழுத்தில் உள்ள துளை வழியாகவே மூச்சு விடுகிறார்கள். அதனால் குளிக்கும்போது துளையில் தண்ணீர் போகக் கூடாது, ஆற்றில் குளத்தில் இறங்கக் கூடாது, வெளியே போனால் மெல்லிய துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அருகில் இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குரல்வளையை முழுதாக எடுத்தவர் நினைவிழந்து விழுந்தால் துளையை மூடியிருக்கும் துணியை முதலில் விலக்குங்கள். செயற்கை மூச்சையும் அந்தத் துளை வழியாகவே கொடுக்க வேண்டும். வாயில் ஊதும் காற்று அவர் நுரையீரலுக்குப் போய்ச் சேராது.