பொத்தானில் கழலும் வாருக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் எமது வாசகர்களின் நினைவுக்கு வருவது கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணைக்கட்டும், 1965ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விமலசுரேந்திர நீர்மின் நிலையமுமே ஆகும். அந்நிலையத்துக்குப் பெயர் தந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இந்நாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையாக முன்வைத்தவர். லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல் தான். ஒரு யோசனை செயலாவதற்கு எத்தனை காலம் செல்லும் என்பதற்கு அப்பிரதேசமே சாட்சியாக இருக்கின்றது.

அங்குள்ள மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் நிலை அதிகம் மாறிவிடவில்லை. கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில், இடுப்பில் படங்கு, கையில் மட்டக்கம்பு. கைத்தொலைபேசியை மழைக்கு அஞ்சிப் பொலித்தீன் பையில் சுற்றி எங்கேனும் செருகிக்கொள்கின்றனர். இந்நிலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், சிலவேளைகளில் உயிரிழந்தனர் என்னும் செய்தியை மலையக நிருபர்கள் ஆண்டுதோறும் அனுப்பி வருகின்றனர். செங்குத்தான சரிவில் முதுகுப் பாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதற்குக் கிடைக்கும் அவகாசம் சில விநாடிகளே.

இப்பிரதேசத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் இளைஞர் ஒருவர், தம் தாயாருக்காக ஒரு மார்புப் பட்டியைச் செய்கின்றார் என ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். அப்பட்டியின் முன்புறத்தில் கைத்தொலைபேசியைப் பொருத்தும் தாங்கி இருக்கின்றது. கூடையின் வாரும் அதே பட்டியில் பூட்டப்பட்டுள்ளது. ஒரு பொத்தானை அழுத்தியதும் கூடை கழன்று விழுகின்றது. தொலைபேசியோ உடலோடு நிற்கின்றது. ஓடியவர் உதவிக்கு அழைக்கலாம். இதற்கு ஆக்கவுரிமை கிடைக்குமா என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினா.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே இன்று இலங்கையில் ஆக்கவுரிமையை ஆள்கின்றது. தொழில்நுட்பத் துறையில் ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்கு நடைமுறையில் தீர்வு தரும் எண்ணமே கண்டுபிடிப்பு என அதன் 62ஆம் பிரிவு வரையறுக்கின்றது. 'கூடையை விரைவில் கழற்ற ஒரு வழி வேண்டும்' என்பது ஓர் ஆசை மாத்திரமே. எந்தப் பாகம் எதனோடு எவ்வாறு இணைந்து அதனைச் செய்கின்றது என்று சொல்லும்போதுதான் அது கண்டுபிடிப்பாகின்றது. அவ்வாறான கண்டுபிடிப்பு புதியதாகவும், புத்தாக்கப் படி உடையதாகவும், கைத்தொழிலில் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்கின்றது 63ஆம் பிரிவு. மூன்றாவது நிபந்தனை இங்கு பிரச்சினையே அல்ல. தையற்காரரும் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலாளியும் செய்யக்கூடிய பொருளே இது.

புதுமை என்பது கடினமானது. விண்ணப்பத் திகதிக்கு முன்னர் உலகின் எப்பாகத்திலேனும் எழுத்திலோ, பேச்சிலோ, பயன்பாட்டிலோ பகிரங்கமாகிவிட்ட எதுவும் புதியதன்று. ஹட்டன் கடைவீதியில் கிடைக்கவில்லை என்பது ஒரு பதிலாகாது. இதற்குக் கால எல்லையும் இல்லை. 1206ஆம் ஆண்டளவில் இஸ்மாயில் அல்-ஜஸரி எழுதி முடித்த இயந்திர நூலில் விவரிக்கப்பட்ட ஒரு பொறியை இன்று எவரேனும் தமது கண்டுபிடிப்பு என்று கோரினால், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்நூலே அவருக்கு எதிரான ஆவணமாகும்.

பொத்தானில் கழலும் வாரை மாத்திரம் தனியே எடுத்துக்கொண்டால், அதற்கு வாய்ப்பில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். மோட்டார் வாகனத்தின் ஆசனப் பட்டியை நாள்தோறும் பொத்தானை அழுத்தியே கழற்றுகின்றோம். (வொல்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கிய மும்முனை ஆசனப் பட்டியின் ஆக்கவுரிமையை அந்நிறுவனம் பிறரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது.) வான்குடை வீரரின் பட்டியும், படையினர் அணியும் மேலங்கியும் ஒரே இழுப்பில் கழலக்கூடியவை. உடலில் கருவியைக் கட்டிக்கொள்வதும் புதிதன்று. 2002இல் கடலலைச் சறுக்கலுக்காகப் பயணம் சென்ற நிக் வூட்மன், கமராவை மணிக்கட்டில் கட்டும் வாரிலிருந்தே தமது கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

அப்படியாயின், தெரிந்த தாங்கியும் தெரிந்த பூட்டும் ஒன்றுசேர்ந்தால் அது புதியதாகுமா? எழுத்தளவில் புதியதாகலாம். ஆனால் அங்குதான் 65ஆம் பிரிவின் புத்தாக்கப் படி குறுக்கே வருகின்றது. அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவருக்கு, ஏற்கெனவே தெரிந்தவற்றை நோக்குமிடத்து, இது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்பதே கேள்வி.

இதற்கு மிகவும் பொருத்தமான வழக்கு அயல் நாட்டில் உண்டு. மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்கள் செய்யும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் ஓர் அமைப்புக்கு 1950களின் ஆரம்பத்தில் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. பாத்திரம் கழன்று பறந்து தொழிலாளியைக் காயப்படுத்தாமல் இருக்க அது உதவியது. அங்கும் பிடித்துக்கொள்வதும் விடுவிப்பதுமே விடயம். அங்கும் தொழிலாளியின் பாதுகாப்பே நோக்கம். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற மற்றைய நிறுவனத்துடனான வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தெரிந்தவற்றின் சேர்க்கை ஆக்கவுரிமைக்கு உரியதாக வேண்டுமாயின் அது பட்டறையில் சாதாரணமாகச் செய்யப்படும் திருத்தத்தைவிட மேலானதாக இருக்க வேண்டும் என 1978 டிசம்பரில் கூறிய நீதிமன்றம், அவ்வுரிமை செல்லாது என்று தீர்த்தது. அது பயனுள்ளதா என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. பயன் வேறு, புத்தாக்கம் வேறு. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்டது என்பதற்காகவும் சட்டம் இளகுவதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007இல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் இத்தகைய முடிவுக்கே வந்தது. இடம் மாற்றக்கூடிய வாகன மிதியில் மின்னணு உணரியைப் பொருத்தியது, தேர்ச்சியுள்ள எவரும் செய்திருக்கக்கூடியதே எனக் கூறி அது நிராகரித்தது.

எமது இளைஞருக்கு வழியே இல்லையா? உண்டு, ஆனால் அது ஒடுக்கமானது. அவரது விண்ணப்பத்தில் உயிர்நாடியான பகுதி உரிமைக் கோரல்கள் எனப்படும் வாசகங்களே. 'பொத்தானுடன் கூடிய வார்' என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். குனிந்து பறிக்கையில் செடி பட்டுத் தவறுதலாகப் பொத்தான் அழுந்தாமல் இருக்க அவர் என்ன செய்தார்? கூடை நிறைந்து பாரம் ஏறும்போது பூட்டு இறுகிப் போகுமே, நனைந்து விறைத்த விரலால் அதனை எவ்வாறு அழுத்த முடிகின்றது? கூடையின் பாரமே பூட்டின் நாக்கை இழுத்து விடுவிக்க உதவும் வண்ணம் அவர் அமைத்திருந்தால், பாகங்கள் தனித்தனியே செய்வதைவிட மேலான ஒன்றை அவற்றின் இணைப்பு செய்கின்றது எனலாம். அந்த இணைப்பையே கோர வேண்டும். அதுவும்கூட ஏற்கெனவே வேறெங்கோ பதிவாகியிருக்கலாம் என்பதால், விண்ணப்பத்துக்குப் பணம் செலவிடுமுன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்கவுரிமைத் தரவுத் தளங்களில் சில மாலைப் பொழுதுகளைச் செலவிடுவது நல்லது.

அது கிட்டாவிடில் தாங்கியின் தோற்றத்தைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். அதன் பாதுகாப்பு ஐந்தாண்டுகளுக்கு உரியது; இருமுறை புதுப்பிக்கலாம். எனினும், தொழில்நுட்பப் பயனுக்காக மாத்திரம் அமைந்த அம்சத்தை அது காக்காது. ஜேர்மனி, சீனா போன்ற நாடுகளில் சிறு கண்டுபிடிப்புகளுக்கெனக் குறுகிய கால உரிமை ஒன்று உண்டு. எமது சட்டத்தில் அவ்வழி இல்லை. இத்தகைய இளைஞர்களை எண்ணும்போது அதனை ஒரு குறையாகவே நாம் கருதுகின்றோம்.

இன்னுமொரு ஆபத்து பாராட்டிலிருந்து வருகின்றது. பாடசாலைக் கண்காட்சி, பரிசளிப்பு, பின்னர் பத்திரிகையில் படம். இளம் கண்டுபிடிப்பாளரின் படத்தை விரும்பிப் பிரசுரிப்பவர்களுள் நாமும் அடங்குவோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விண்ணப்பதாரரின் சொந்தச் செயலால் வெளியானதை, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நிகழ்ந்ததாயின், இலங்கைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. ஐரோப்பாவில் இச்சலுகை ஏறத்தாழ இல்லை எனலாம். அங்கு அந்தப் படமே உரிமையைக் கெடுத்துவிடும். ஆகவே, முதலில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம், பின்னரே படம். இங்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், அதே முன்னுரிமைத் திகதியுடன் பிற நாடுகளிலும் விண்ணப்பிக்கலாம். உரிமை கிடைத்தால் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள், உரிய கட்டணங்களைச் செலுத்திவரும் வரை, அது நிலைக்கும். ஆனால் இலங்கையில் பெற்ற உரிமை இலங்கையில் மாத்திரமே செல்லும்.

உரிமை எவருக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். தொழில் ஒப்பந்தத்தின் கீழ் அதற்கென்றே செய்யப்பட்ட கண்டுபிடிப்பு, வேறு இணக்கம் இல்லாவிடில், தொழில் தருநருக்கே சேரும். எதிர்பார்த்ததைவிடப் பொருளாதாரப் பெறுமதி மிக உயர்ந்தால் கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கோரலாம். லயத்தின் பின்புறத்தில், சொந்தப் பொருளில், ஓய்வு நேரத்தில் செய்தது அவ்வகையில் சேராது. எனினும், எப்போது, எங்கு, எதனைக் கொண்டு செய்தார் என்பதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் பிற்காலத்தில் உதவும்.

சேர்ந்து கண்டுபிடித்தவர்களுக்கு உரிமையும் சேர்ந்தே உண்டு. பொத்தான் வலப்புறத்தில் இருந்தால் கொழுந்து பறிக்கும் கை இடறும், நெஞ்சுக்குழிக்கு மேலே இருந்தால்தான் எந்தக் கையாலும் எட்டும் என்று சொல்லி, அதற்கேற்பப் பூட்டின் அமைப்பையே மாற்றும்படி யோசனை தந்தவர் கூடை சுமக்கும் தாயாராக இருப்பின், கண்டுபிடிப்பாளர் பெயரைக் கேட்கும் இடத்தில் அவரது பெயரும் எழுதப்பட வேண்டும்.