ரேடியேட்டருக்கு உப்பு ஆகாது!

காட்டுப்பள்ளியில் எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும். நடுவில் மெல்லிசாக ஒரு மணல் பட்டை. அதில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், வரிசை வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். இத்தனை தண்ணீரில் ஒரு மடக்கு குடிக்க முடியாது. அதனால்தான் 2010-ல் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. தினம் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன். கொஞ்சம் உள்ளே தள்ளி மீஞ்சூர் பக்கம் போனால், நிலத்தடி நீரை வருஷக்கணக்காக உறிஞ்சியதில் கடல் உள்ளே புகுந்து, பல போர்வெல்களில் உப்புதான் ஏறுகிறது.

அந்தத் தண்ணீரை இந்தப் பக்கத்துக்காரர்கள் வாயில் வைக்க மாட்டார்கள். கேன் வாங்குவார்கள். ஆனால் வண்டி 'உஸ்'ஸென்று ஆவி விட்டு நின்றால், முதல் காரியமாக அதே போர் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார்கள்!

நான் படித்தது பி.காம். எழுத்து சோறு போடாத மாதங்களில், இந்தப் பக்கம் சரக்கு ஏஜென்சி நடத்தும் நண்பனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் இன்ஜினும் எனக்கு வரவு செலவாகத்தான் தெரிகிறது. நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போடுகிறீர்கள். அதில் முப்பது ரூபாய் சுமாருக்குத்தான் வண்டி ஓடுகிறது. இன்னொரு முப்பது, முப்பத்தைந்து ரூபாய் சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினையே சுட வைக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்ஜின் தலையில் இருக்கும் அலுமினியம் உருக 660 டிகிரி போதும். அந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியே கடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்கானிக் வேண்டாம், பில்லே சொல்லும்.

இதே கணக்கைப் பெரிய எழுத்தில் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. எரிக்கிற நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போல்தான் கரண்ட் ஆகிறது. மிச்ச சூட்டில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து போக வேண்டும். (அப்படி வெளியே விடும் சுடுநீரால் கழிமுகத்தில் மீன் போச்சு என்று எண்ணூர் மீனவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அது தனிக் கட்டுரை.) கடலோர மின் நிலையங்களில் கடல்நீர் பாயும் குழாய்களுக்கு டைட்டானியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்களைத் தேடிப் போவார்கள். ஏன்? உப்பு! உங்கள் கார் ரேடியேட்டரோ, மெல்லிசான அலுமினியம். அதற்குப் போர் தண்ணீர்!

வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது புதுப் பழக்கம் இல்லை. 1888-ல் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானிய அம்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் கிளப்பிக்கொண்டு, இரண்டு பையன்களோடு நூறு கிலோமீட்டர் சுமாருக்குத் தாய் வீடு போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் தண்ணீர் தேடித் தேடி ஊற்றிக்கொண்டே போனார். நம் லாரிக்காரர்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

இப்போதைய வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போவதில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. இன்ஜினைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே வாய்க்கால்கள். ஒரு பம்ப் தள்ளுகிறது. சூடான திரவம் முன்பக்கம் ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறித் திரும்புகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வாட்ச்மேன். இன்ஜின் 80, 90 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டர் பக்கம் கேட்டைத் திறக்க மாட்டார். வண்டி ஓடும்போது எதிர்காற்று ஆற்றிவிடும். துறைமுக வாசல் க்யூவில் நிற்கும்போது காற்று ஏது? ஃபேன் மட்டும்தான். சித்திரை வெயிலில், நின்ற இடத்தில் முள் ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து மூடி. பார்க்க ஜாம் பாட்டில் மூடி மாதிரி இருக்கும். ஆனால் அது செய்வது உங்கள் வீட்டு குக்கர் வெயிட்டின் வேலை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 120 டிகிரியில்கூட திரவம் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தீர்களோ, அழுத்தம் போன அந்த நொடியே அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். குக்கர் கொதிக்கும்போது வெயிட்டைப் பிடுங்குவோமா? ரேடியேட்டர் என்றால் மட்டும் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். சுமார் அரை மணி நேரம், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும்வரை, ஒரு டீ சாப்பிடுங்கள்.

அப்படி ஒரு டீக்கடையில்தான் சங்ககிரிக்கார டிரைவர் ஒருவரோடு பேச்சு வந்தது. வயது ஐம்பதுக்கு மேல். கேபினில் இரண்டு கேன் வைத்திருந்தார்.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"இது எனக்குங்க தம்பி. அது வண்டிக்கு. மாத்திக் குடிச்சா நான் போய்ச் சேந்துருவேன்."

"வண்டிக்குத் தண்ணி ஊத்தினா பத்தாதா?"

"இந்தப் பக்கத்து போர் தண்ணில பருப்பு வேகுமுங்களா? பருப்பு வேகாத தண்ணிய வண்டிக்கு ஊத்தலாமுங்களா? ஒருக்கா ஊத்துனேன். மூணே மாசத்துல ரேடியேட்டர் பூரா அடைச்சுப் போச்சு. வண்டி எட்டு நாள் செட்டுல. வாடகையும் போச்சு, தீவாளியும் போச்சு."

வாளி ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் பொருக்கு ஞாபகம் இருக்கிறதா? அதேதான். ரேடியேட்டரின் சன்னக் குழாய்களில் அது படிந்தால் சூடு வெளியேறாது. ஒருபக்கம் பொருக்கு அடைக்கும், மறுபக்கம் உப்பு அரிக்கும்.

'கூலன்ட் எல்லாம் பனி பெய்கிற ஊருக்கு சார், கும்மிடிப்பூண்டியில் என்ன ஐஸா உறையுது?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் உறைவதைத் தடுக்கும், வாஸ்தவம். கூடவே கொதிநிலையையும் உயர்த்தும். நமக்கு அதைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. அதற்காக 'நல்லதுதானே, முழுக்க அதையே ஊத்து' என்றும் போகக் கூடாது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. கிளைகால் ஒரு படி கீழேதான். அதனால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலவை. கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டியாக விற்பதை வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு ஊற்றுவோமே, அது. கேனில் வரும் குடிதண்ணீர் வேறு. அதில் தாது உப்புகள் உண்டு. கடையில் 'பேட்டரி தண்ணி' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், ஆசிட் பாட்டிலை நீட்டினாலும் நீட்டுவார்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் பார்த்து மேட்ச் பண்ண இது பிளவுஸ் பிட் இல்லை. கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒத்துவராத இரண்டைக் கலந்தால் உள்ளே கூழாகிவிடலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். (அந்தப் புத்தகம் டாஷ்போர்டில் இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருக்கும்.)

ஊற்றுவது ஐந்து நிமிஷ வேலை. காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்துங்கள். பானெட்டுக்குள் வெள்ளை டப்பா தெரியும். அதில் 'மின்', 'மேக்ஸ்' என்று இரண்டு கோடு. 'மின்' என்றால் கரண்ட் இல்லை, மினிமம்! இரண்டுக்கும் நடுவில் நின்றால் கை வைக்காதீர்கள். குறைந்தால் மேக்ஸ் கோடு தாண்டாமல் ஊற்றுங்கள். இந்த டப்பா ஆபீஸ் பெட்டி கேஷ் மாதிரி. சூட்டில் விரியும்போது மிச்சம் இங்கே வரும், ஆறியதும் திரும்பப் போகும். சில கார்களில் இந்த டப்பாவே அழுத்தத்தில்தான் இருக்கும். அதன் மூடிக்கும் குக்கர் சட்டம் பொருந்தும். ஃபேன் பக்கம் கழுத்துப் பட்டையில் தொங்கும் ஐ.டி. கார்டோடு குனியாதீர்கள். இன்ஜின் அணைந்த பிறகும் எலெக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றும்.

நடுவழியில் முள் ஏறினால் ஏ.ஸி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். வேர்க்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உங்கள் பக்கம் வரும். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். 'இதோ, மீஞ்சூர் வந்துடும்' என்று ஓட்டிப் போன ரெண்டு கிலோமீட்டரில் ஹெட் வளைந்து கேஸ்கட் போகும். கைவசம் கூலன்ட் இல்லாவிட்டால், ஆறிய பிறகு, ஆபத்துக்குப் பாவமில்லை என்று குடிதண்ணீரை ஊற்றி மெதுவாக வீடு சேரலாம். பிறகு எல்லாவற்றையும் வடித்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். வடித்ததைத் தெருவில் விடாதீர்கள். அது இனிக்கும், நாயோ குழந்தையோ குடித்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் 'நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 2008-ல் வந்த யமஹா ஆர்15-லேயே ரேடியேட்டர் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காற்றிலேயே ஆறிய ராயல் என்ஃபீல்டுகூட 2023-ல் புது ஹிமாலயனுக்கு ரேடியேட்டர் மாட்டிவிட்டது.

வாராவாரம் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் அது டாப்-அப் இல்லை, சஸ்பென்ஸ் அக்கவுண்ட். மூடிய வட்டத்தில் சுற்றும் திரவம் எங்கோ போகிறது. கார் நின்ற இடத்தில் கலர் கறை இருந்தால் ஹோஸோ பம்போ ஒழுகுகிறது. (ஏ.ஸி. சொட்டும் வெறும் தண்ணீரைப் பார்த்து அலற வேண்டாம்.) வெளியே ஒழுகலே இல்லை, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே கேஸ்கட் போயிருக்கலாம், அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு ஒரு தரம் சார் ஊத்துறீங்க?"

நான் பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கென்று ஒரு காலம் போட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி. ஆறு மாதமாக அதில் எழுத எதுவும் இல்லாததால், என் மனைவி அங்கே பால் கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறாள்.